பெட்ரோல் அளக்க ஒரு குச்சி, பறக்க இரண்டு விரல்

விமானம் ஓட்டக் கற்றுத்தரும் இடம் என்றதும் உங்கள் மனதில் என்ன ஓடுகிறது? கண்ணாடிக் கட்டடம், வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாக நடந்து வரும் ஐந்து பேர், பின்னணியில் இசை? சினிமாவை ஓரமாக வையுங்கள். அதிகாலை ஐந்தரை மணிக்கு ஒரு சின்ன விமானதளத்தின் ஹேங்கருக்குள் எட்டிப் பார்த்தால், ஒரு செஸ்னாவின் இறக்கைக்கு அடியில் குந்தியபடி இருக்கிறான் மீசை சரியாக முளைக்காத ஒரு பையன். கையில் சின்ன பிளாஸ்டிக் குப்பி. இறக்கையின் அடியிலுள்ள திருகில் அதை அழுத்தி, வடியும் பெட்ரோலைப் பிடித்து, விடியல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்கிறான். நீலமாக இருக்கிறதா? இருக்கிறது. அடியில் தண்ணீர்க் குமிழ்? இல்லை. அடுத்த திருகு. அதற்கடுத்தது. பிற்காலத்தில் வந்த செஸ்னா 172-களில் இப்படி 13 இடங்கள் உண்டு. பதின்மூன்றிலும் குனிய வேண்டும்!

அந்த நீலம் வேண்டுமென்றே போட்ட சாயம். சிறு விமானங்கள் குடிப்பது ‘100 எல்எல்’ என்கிற பெட்ரோல். பெரிய ஜெட்டுகள் குடிப்பது மண்ணெண்ணெய் இனத்துச் சரக்கு. இரண்டும் மாறிப்போனால் இன்ஜின் நின்றுவிடும். ஆகவே நிறத்தைப் பார். தண்ணீரைத் தேடுவது ஏனென்றால், பாதி காலியான டாங்கியில் இரவுக் குளிருக்கு ஈரம் வியர்த்து, பெட்ரோலைவிடக் கனமான தண்ணீர் அடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். தரையில் அது ஒரு துளி. மேலே போன பிறகு அந்தத் துளி இன்ஜினுக்குள் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

என்னைச் சுற்றிக் காட்டியவர் ஒரு மூத்த பெண் இன்ஸ்ட்ரக்டர். மாணவர்களுக்கு அவர் ‘மேடம்’. பெயர் போடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். “முதல்ல இந்த வேடிக்கையைப் பாருங்க” என்று அந்தப் பையனை இறக்கைக்கு மேலே ஏறச் சொன்னார். ஏறினான். டாங்கியின் மூடியைத் திறந்தான். பையிலிருந்து கோடு போட்ட ஒரு குச்சியை எடுத்து உள்ளே விட்டு, எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்த்தான். உள்ளே பெட்ரோல் மீட்டர் இல்லையா? இருக்கிறது, இரண்டு இருக்கின்றன. “அதை நம்பி யார் போவாங்க?” என்றார் மேடம். கோடிகளில் விலை போகும் எந்திரம்; பெட்ரோல் எவ்வளவு என்று சொல்ல ஒரு குச்சி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இன்னும் நல்ல வேடிக்கை பின்னால் வந்தது. இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சிறு துளை. பையன் அதன்மேல் கைக்குட்டையைப் போர்த்தினான், குனிந்தான், வாயை வைத்து உறிஞ்சினான். விமானத்துக்குள்ளிருந்து பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல்! அது ஸ்டால் எச்சரிக்கைக் குழல். இறக்கை காற்றைப் பிடிக்கும் பிடி தளரப் போகிறது என்றால் அந்தத் துளையில் காற்றழுத்தம் குறைந்து குழல் தானாக ஊதும். தரையில் அதைச் சோதிக்க வேறு வழியில்லை, மனிதன்தான் உறிஞ்ச வேண்டும். குறும்புக்குச் செய்வதல்ல, தயாரிப்பாளரின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது.

இப்படி விமானத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி வருவதற்கு ‘வாக்-அரவுண்ட்’ என்று பெயர். வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயின் சிவப்பு உறையைக் கழற்றுவது இதில்தான். கழற்றாவிட்டால் ஓடுபாதையில் எவ்வளவு விரைந்தாலும் வேகமானி பூஜ்யத்தில் தூங்கும். உறை போடாமல் இரவில் விட்டுவிட்டாலோ, குளவி உள்ளே கூடு கட்டிவிடும். வான்பயணத்தின் பரம எதிரிகளில் குளவிக்கும் ஓர் இடம் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சரி, உள்ளே ஏறுவோம். ஏறுவது என்பதைவிட நுழைத்துக்கொள்வது என்று சொல்லலாம். 172-இல் நான்கு இருக்கைகள் என்று பெயர்தான். ஷேர் ஆட்டோவில் ஐந்தாவது ஆளாக உட்கார்ந்த அனுபவம் உள்ளவர்களுக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். ஆனால் இந்தக் குட்டி வண்டியைக் குறைத்து எடை போடாதீர்கள். 1955-இல் முதன்முதலாகப் பறந்தது, இன்றும் தயாராகிக்கொண்டிருக்கிறது. 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். உலகத்தில் வேறெந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையில் செய்யப்பட்டதில்லை.

புதிதாக வருகிறவர்கள் முதலில் அதிர்வது இங்கேதான்: முதல் நாளே உங்களை இடது இருக்கையில் உட்கார வைத்துவிடுவார்கள். அது கேப்டனின் இருக்கை. இன்ஸ்ட்ரக்டர் வலப்பக்கம். அவர் பக்கமும் முழு செட் கட்டுப்பாடுகள் இருக்கின்றன என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. யார் கையில் விமானம் என்பதில் குழப்பம் வரக் கூடாது என்பதற்காக ஒரு சின்னச் சடங்கு உண்டு. “யூ ஹேவ் கன்ட்ரோல்” என்பார் அவர். “ஐ ஹேவ் கன்ட்ரோல்” என்று நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் வாங்கிக்கொள்ளும்போது இதே சடங்கு தலைகீழாக. மனதுக்குள் சொன்னால் செல்லாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஜன்னலைத் திறந்து தொண்டை கிழியக் கத்த வேண்டும்: “க்ளியர் ப்ராப்!” சுற்றுமுற்றும் ஒரு நாய்கூட இல்லையென்றாலும் கத்த வேண்டும். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு விமானப் பயிற்சியிலேயே கஷ்டமான பாடம் இதுதான் என்றார் மேடம். பாதி விளையாட்டாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

இன்ஜின் உறுமுகிறது. வண்டி நகர்கிறது. வளைவு வருகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? கையிலிருக்கும் யோக்கை, அந்த அரைவட்ட ஸ்டியரிங்கை, திருப்புவீர்கள். எல்லாரும் திருப்புவார்கள். விமானம் தன் பாட்டுக்கு நேராகப் புல்வெளியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். ஏனென்றால் தரையில் விமானத்தைத் திருப்புவது கால். ரடர் பெடலின் கீழ்ப்பகுதியை மிதித்தால் திரும்பும். மேல்விளிம்பைக் கால்விரலால் அழுத்தினால் பிரேக். “தம்பி, காரா ஓட்டுற? கையை மடியில வை. கால்ல ஓட்டு.” இந்த வசனத்தை மேடம் எத்தனை தலைமுறைக்குச் சொல்லியிருப்பாரோ! கார் நன்றாக ஓட்டுகிறவர்கள்தான் இதில் அதிகமாகத் திணறுவார்களாம். ஸ்டியரிங்கே பிடித்திராத பதினேழு வயசுகள் ஒரே வகுப்பில் பிடித்துக்கொள்கின்றன.

ரேடியோ இன்னொரு உலகம். அங்கே 3 என்பது ‘ட்ரீ’, 5 என்பது ‘ஃபைஃப்’, 9 என்பது ‘நைனர்’. இரைச்சலில் ஃபைவும் நைனும் ஒன்றாகக் கேட்டுவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. ஓடுபாதையின் நெற்றியில் எழுதியிருக்கும் எண்ணும் சும்மா வைத்த வரிசை எண்ணல்ல, அது திசைகாட்டி. மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதைக்கு ஒரு முனையில் 07, மறுமுனையில் 25. எண்ணோடு ஒரு பூஜ்யம் சேர்த்துக்கொள்ளுங்கள்: 70 டிகிரி, 250 டிகிரி. அந்த ஓடுபாதையில் நிற்கும் விமானத்தின் திசைகாட்டி ஏறத்தாழ அதைத்தான் காட்டும். அடுத்த முறை ஊருக்குப் பறக்கும்போது ஜன்னலோர இருக்கை கிடைத்தால் பார்த்து வையுங்கள், பக்கத்து இருக்கைக்காரரிடம் அலட்டிக்கொள்ளலாம்.

ரேடியோவில் ஒரு சொல்லுக்கு மட்டும் கடுமையான கட்டுப்பாடு. ‘டேக்-ஆஃப்’ என்பதைக் கண்ட இடத்தில் உச்சரிக்கக் கூடாது. வரிசையில் நிற்கும்போது ‘டிபார்ச்சருக்குத் தயார்’ என்றுதான் சொல்ல வேண்டும். டவர் ஓடுபாதையை உங்களுக்கு உண்மையாகவே கொடுக்கும்போதும், கொடுத்ததைத் திரும்ப வாங்கும்போதும் மட்டுமே அந்தச் சொல் வாயில் வரும். இதற்குப் பின்னால் இருப்பது 1977 மார்ச் 27. கேனரித் தீவுகளில் டெனரீஃப் ஓடுபாதையில், மூடுபனிக்குள், இரண்டு ஜம்போ ஜெட்டுகள் மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதி கிடைத்துவிட்டது என்று ஒரு விமானி நினைத்துக்கொண்டார், கிடைக்கவில்லை. கோடை விடுமுறைக் குறும்போடு வகுப்புக்கு வரும் பிள்ளைகள் இந்தக் கதை கேட்ட நாளில் கேன்டீனில் சத்தமே போட மாட்டார்கள் என்றார் மேடம்.

இப்போது ஓடுபாதை உங்களுடையது. த்ராட்டிலை முழுக்க உள்ளே தள்ளுங்கள். உடனே விமானத்தின் மூக்கு இடப்பக்கம் ஓடப் பார்க்கும். முன்னால் சுழலும் ப்ரொப்பெல்லரின் வேலை இது. அது சுழற்றிவிடும் காற்று பின்னால் வந்து வாலில் அறைகிறது, அது தவிர வேறு சில காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன. மருந்து ஒன்றுதான்: வலது கால். “ரைட் ரடர்! ரைட் ரடர்!” உலகத்தின் எந்த மூலையில் உள்ள பயிற்சிப் பள்ளிக்குப் போனாலும் இன்ஸ்ட்ரக்டர்கள் அதிகம் கத்துவது இந்த இரண்டு சொற்களைத்தான், டி-ஷர்ட்டிலும் அச்சடித்து விற்கிறார்கள். வேகமானி 55 நாட்டைத் தொட்டதும், அதாவது மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டரில், யோக்கை மெல்ல இழுங்கள். பைபாஸில் நீங்கள் சாதாரணமாகப் போகும் அதே வேகம். இங்கே தரை கழன்றுகொள்கிறது! வயிற்றில் ஒரு குறுகுறுப்பு. சிலர் சிரிப்பார்கள், சிலர் அம்மாவைக் கூப்பிடுவார்கள், ஒருவர் விடாமல் கந்த சஷ்டி கவசம் சொன்னாராம்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. புது மாணவன் மேலே போனதும் யோக்கை எப்படிப் பிடிப்பான் தெரியுமா? முட்டி வெளுக்கும்படி. விட்டால் விழுந்துவிடும் என்கிற நினைப்பு. இறுக்கிப் பிடித்த கை தானாகக் கொஞ்சம் இழுக்கும், மூக்கு மேலே போகும். பதறித் தள்ளுவான், கீழே போகும். மறுபடி இழுப்பான். விமானம் அலை மேல் போகிற மாதிரி ஏறி இறங்கும், அவன் சட்டை நனைந்துவிடும். இது எல்லாவற்றையும் மேடம் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தபடி ஐந்து நிமிடம் பொறுப்பார். பிறகு ஒரே ஒரு வார்த்தை: “விடு.”

“மேடம்?”

“கையை எடுப்பா. ரெண்டு கையையும்.”

எடுக்கிறான். விமானம் ஒருமுறை மூக்கைத் தூக்குகிறது, ஒருமுறை தாழ்த்துகிறது, அப்புறம் நேராகப் போகத் தொடங்குகிறது. தன்பாட்டுக்கு! காரணம், பயிற்சி விமானத்தை அப்படித்தான் வடிவமைக்கிறார்கள். காற்று ஒரு பக்கம் சாய்த்தால் நிமிர்ந்துகொள்ளப் பார்க்கும். மூக்கு தாழ்ந்து வேகம் கூடினால் தானே தூக்கிக்கொள்ளும். டிரிம் என்றொரு சின்னச் சக்கரம் இருக்கிறது. வேண்டிய நிலையில் மூக்கை வைத்து, கையில் பாரம் தெரியாத வரைக்கும் அதைச் சுழற்றிவிட்டால், அந்த வேகத்தை விமானமே காப்பாற்றிக்கொள்ளும். பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். விமானத்துக்குப் பறக்கத் தெரியும்; நீங்கள் அதன் வேலையில் அதிகம் குறுக்கிடாமல் இருந்தால் சரி. பெரும் தொகை கட்டிவிட்டு முதல் மாதம் முழுக்கப் பிள்ளைகள் கற்றுக்கொள்வது இந்தச் சும்மா இருக்கும் வித்தையைத்தான்.

உடல் வலு வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்கும் இதுவே பதில். 1936-இல் சரளா தக்ரால் என்ற 21 வயதுப் பெண் ஜிப்ஸி மாத் விமானத்தில் தனியாக ஏறிப் பறந்தார். இந்தியாவின் முன்னோடிப் பெண் விமானிகளில் ஒருவர் அவர். புடவை கட்டிக்கொண்டுதான் பறந்தார்.

இன்னொரு கூட்டத்தை மேடம் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்: வீட்டில் கம்ப்யூட்டரில் வருடக்கணக்காக விமானம் ஓட்டியவர்கள். எல்லாப் பொத்தானுக்கும் பெயர் தெரியும். ஆனால் கண் முகப்புப் பலகையை விட்டு நகராது. வெளியே வானம், மலை, எதிரே வரும் பருந்து எதுவும் தெரியாது. இவர்களுக்கு மேடத்தின் வைத்தியம், காகிதத்தைக் கிழித்துக் கருவிகள் மேல் ஒட்டிவிடுவது. அடிவானம் கண்ணாடியில் எங்கே தெரிகிறது, இன்ஜின் சத்தம் எப்படிக் கேட்கிறது, இந்த இரண்டையும் வைத்து ஓட்டு. பத்தே நிமிடத்தில் ஆள் மாறிவிடுகிறான் என்கிறார்.

‘ஸ்டால்’ என்ற சொல்லைக் கேட்டு அரள வேண்டாம். இன்ஜின் நிற்பதல்ல அது. மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால் இறக்கையின் மேல் வழுக்கி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு போகும், இறக்கை தூக்குவதைக் கைவிடும். தரையில் வாய் வைத்து உறிஞ்சிப் பார்த்தோமே, அந்தக் குழல் அதற்கு முன்பே அலறத் தொடங்கிவிடும். மாற்று வழி எளிது: இழுத்ததை விடு, மூக்கைத் தாழ்த்து. ஆனால் கீழே விழுவதுபோல் தோன்றும்போது மூக்கை இன்னும் கீழே தள்ளு என்றால் மனிதக் கை கேட்குமா? கேட்கும் வரைக்கும், நல்ல உயரத்துக்குப் போய், திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்கள். இன்ஜினே நின்றால்? அதற்கும் ஒத்திகை உண்டு. மேடம் பேசிக்கொண்டே த்ராட்டிலைப் பின்னால் இழுத்துவிடுவார். “இன்ஜின் போச்சு. எங்க இறங்குவ?” 172 கல் மாதிரி விழாது, 1000 அடி உயரம் இருந்தால் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் மிதந்து போகும். பையன் கீழே தேடுகிறான்: அறுவடை முடிந்த வயல் நல்லது, தென்னந்தோப்பு வேண்டாம், மின்கம்பி போகிற பக்கம் வேண்டவே வேண்டாம். இதைப் பழகிய பிள்ளைகளுக்கு அப்புறம் பஸ்ஸில் போகும்போதுகூடக் கண் நல்ல வயலைத் தேடுமாம்.

இறங்குவதுதான் பெரிய தலைவலி. ஓடுபாதையைச் சுற்றி 1000 அடி உயரத்தில் ஒரு செவ்வகம் போட்டு வந்து இறங்கி, தொட்டதும் மறுபடி ஏறுவார்கள். இதற்கு ‘சர்க்யூட்’ என்று பெயர். ஒரு சுற்று ஐந்தாறு நிமிடம், நாள் நாளாக இதுவே. கடைசி முப்பது அடியில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்வது. தரை வருகிறது என்று பயந்து சக்கரத்துக்கு நேர் கீழே பார்த்தால் உயரம் பிடிபடாது. பார்வையை ஓடுபாதையின் தொலைவிலுள்ள முனைக்குத் தூக்க வேண்டும். விமானத்தை இறக்காதே, இறங்கவிடாமல் தடுத்துக்கொண்டே இரு, அதுவாகக் களைத்து உட்காரும் என்பது மேடத்தின் பாடம். சக்கரம் தொடும் நொடியில் அந்தப் பூனைக்குட்டிக் குழல் மெல்ல முனகினால் மேடம் முகத்தில் ஒரு புன்னகை. வேகம் சரியாகத் தீர்ந்திருக்கிறது என்று பொருள். சரியில்லை என்று தோன்றினால் வெட்கப்படாமல் த்ராட்டிலை முழுக்கத் தள்ளி மேலே போய்விட வேண்டும். திரும்ப ஏறியதற்காக இங்கே யாரும் திட்டுவதில்லை. ஏறாததற்குத்தான் காது கிழியும்.

பிறகு ஒரு காலை. வழக்கம்போல மூன்று சர்க்யூட் முடிந்து விமானம் ஓரமாக நிற்கிறது. இன்ஸ்ட்ரக்டர் பெல்ட்டைக் கழற்றுகிறார், கதவைத் திறக்கிறார். “நீ ஒரு ரவுண்டு போய்ட்டு வா.” இறங்கி நடந்தே போய்விடுகிறார்! வலது இருக்கை காலி. இதுதான் முதல் சோலோ. ஓர் ஆள் பாரம் குறைந்ததால் விமானம் பழக்கமில்லாத சுறுசுறுப்போடு எகிறும். பாதிப் பிள்ளைகள் முதலில் மிரள்வது அதற்குத்தான். இறங்கி வந்ததும் வாளி வாளியாகத் தண்ணீர். அமெரிக்காவில் சட்டையின் பின்வாலைக் கத்தரித்துச் சுவரில் மாட்டுவார்கள். ரேடியோ இல்லாத அந்தக் காலத்தில் பின்னால் உட்கார்ந்த இன்ஸ்ட்ரக்டர் சட்டைவாலைப் பிடித்து இழுத்துத்தான் கூப்பிடுவாராம். தனியாகப் பறந்தவனுக்கு இனி அது எதற்கு என்று வெட்டிவிடும் வழக்கம்.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 16 வயதில் மாணவ விமானி உரிமம், 17-இல் தனியார் உரிமம், 18-இல் வணிக உரிமம். தனியார் உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம், வணிக உரிமத்துக்கு 200. வேலைக்குப் போக வேண்டுமென்றால் வணிக உரிமம்தான். அதற்கு அரைக் கோடி ரூபாயை ஒட்டிச் செலவாகும். ஆகவே கட்டணம் கட்டும் முன்பே மருத்துவப் பரிசோதனை. கண்ணாடி போட்டால் பார்வை சரியாகிவிடும் என்றால் கவலையில்லை. நிறக்குருடு இருந்தால் வணிக உரிமக் கனவே இடிக்கும். பணம் கட்டிய பிறகு அதைக் கண்டுபிடித்த குடும்பங்களை மேடம் பார்த்திருக்கிறார். லாக் புக்கில் எழுதும் நேரம் சக்கரம் முதலில் உருண்டதிலிருந்து கடைசியில் நிற்பது வரை, ஆகவே டவரின் அனுமதிக்காக இன்ஜினை ஓடவிட்டு நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அப்பாவின் காசு. அட்டை ஒன்றில் விமானத்தின் முகப்பை வரைந்து, வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து செக்லிஸ்டை வாய்விட்டுச் சொல்லிப் பழகுகிற பிள்ளைகள் நிறையப் பணம் மிச்சம் பிடிக்கிறார்கள்.

வகுப்பு ஏன் விடியலிலேயே என்று கேட்டேன். வெயில் ஏறினால் தரையிலிருந்து சூட்டுக்காற்று கிளம்பி விமானத்தைக் குலுக்கும். சூடான காற்று மெலிந்தும் இருப்பதால் இறக்கையும் இன்ஜினும் சேர்ந்து சோம்பும். அதே ஓடுபாதையில் மே மாத நண்பகலில் ஏற அதிக தூரம் ஓட வேண்டியிருக்கும்.

முதல் நாளுக்குக் கிளம்புகிறவர்கள் கவனிக்க: வெறும் வயிற்றோடு வராதீர்கள், பொங்கல் வடையோடும் வராதீர்கள், இரண்டு இட்லி சரியாக இருக்கும். பெடல் காலுக்குத் தெரிய வேண்டும், மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ. போலராய்டு கூலிங் கிளாஸ் வேண்டாம், திரைகள் கறுப்பாகத் தெரியும். பையில் ஒரு பேனா, தண்ணீர் பாட்டில், ஒரு மாற்றுச் சட்டை. சட்டை எதற்கு என்றால், சோலோவுக்குத் தயார் என்று உங்களைப் பற்றி முடிவெடுத்த பிறகும், அது எந்தக் காலை என்பதை எந்த இன்ஸ்ட்ரக்டரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார். வாளியில் தண்ணீர் மட்டும் தினமும் தயாராக இருக்கும்.